தகுதி வேறு, இடம் வேறு: இளம் அறிவியல் படிப்புகளின் சேர்க்கை விதிகள், இங்கும் வெளிநாடுகளிலும்

பிளஸ் டூ முடிவுகள் வெளியான அன்று மாலைக்குள் பெரும்பாலான வீடுகளில் எழுந்துவிடும் கேள்வி, “இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும்?” என்பதுதான். எளிய கேள்வியாகத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க இந்த மாணவருக்கு உரிமை இருக்கிறதா என்பது ஒன்று. உரிமை உள்ளவர்கள் பலர் வரிசையில் நிற்கும்போது அவர்களுள் யாருக்கு இடம் தருவது என்பது மற்றொன்று. முதலாவதைத் தகுதி என்றும் இரண்டாவதைத் தெரிவு என்றும் இங்கே அழைப்போம். ‘தேர்வு’ என்றால் பரீட்சையோடு குழம்பிவிடும். தமிழ்நாட்டில் ஒரே மதிப்பெண் பட்டியல் இரண்டுக்கும் விடை சொல்லிவிடுவதால் நாம் இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகவில்லை. ‘அட்மிஷன்’ என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறோம். மாநில எல்லையைத் தாண்டி ஒரு மத்திய நிறுவனத்துக்கோ, கடல் கடந்து ஒரு பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பிக்கும்போது நேரும் குழப்பங்களில் பெரும்பகுதிக்கு இந்தப் பழக்கமே காரணம்.

முதலில் நம் வீட்டு வாசலில் இருக்கும் முறையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு 600 மதிப்பெண்களுக்கு நடக்கிறது: மொழிப்பாடங்கள் இரண்டு, முதன்மைப் பாடங்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 100. தேர்ச்சிக்கு 35 போதும். அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரிகளுக்கு மாநில அரசின் இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தின் வழியே பல கல்லூரிகளுக்கும் பல பாடப்பிரிவுகளுக்கும் விருப்பம் தெரிவிக்கலாம். பதிவுக்கு 2 ரூபாயும் விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் கட்டணம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும். பி.எஸ்சி. படிப்புகளுக்கான தரவரிசை, மொழிப்பாடங்களை நீக்கிவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்களை வைத்துத் தயாராகிறது. அந்தத் தரவரிசையின்மீது 69 சதவீத இடஒதுக்கீடு செயல்படுகிறது: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியருக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1. நுழைவுத் தேர்வு கிடையாது, நேர்காணல் கிடையாது, கட்டுரை கிடையாது. உலக அளவில் இத்தனை மலிவாகவும் இத்தனை வெளிப்படையாகவும் நடக்கும் சேர்க்கை முறைகள் மிகுதியில்லை என்பதை, இதன் குறைகளைப் பேசுபவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் தகுதி என்பது எங்கே ஒளிந்திருக்கிறது? பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதத்தில் எடுக்கும் ‘குரூப்’பில் ஒளிந்திருக்கிறது. பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், பி.எஸ்சி. கணிதத்துக்குக் கணிதம் வேண்டும், வணிகக் கணிதம் அதற்கு ஈடாகாது. தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் போன்றவற்றுக்கு உயிரியலோ அதன் கிளைப் பாடங்களோ வேண்டும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் மாணவருக்கு ஏறக்குறைய எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று ‘பியூர் சயின்ஸ்’ எடுத்தவருக்குக் கணிதத்தை நம்பிய படிப்புகள் அன்றே மூடிவிடுகின்றன. கணினி அறிவியல் குரூப் எடுத்தவருக்கு உயிரியல் துறைகள் போய்விடும். பதினைந்து வயதுப் பிள்ளை, பெரும்பாலும் மருத்துவமா பொறியியலா என்ற ஒற்றைக் கணக்கில் எடுக்கும் முடிவு அது, பி.எஸ்சி. அப்போது யாருடைய நினைவிலும் இருப்பதில்லை. இரண்டாண்டு கழித்து அந்த மாணவி வானியற்பியலில் ஆர்வம் கொண்டு வந்து நின்றால், அவருடைய 580 மதிப்பெண்ணால் அந்தக் கதவைத் திறக்க முடியாது. தெரிவில் முதலிடத்தில் நிற்கக்கூடியவர் தகுதியிலேயே விழுந்துவிடுகிறார்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் தனித்தனியே விண்ணப்பம் வாங்குகின்றன என்றாலும், தகுதி விதிகள் அவை இணைந்துள்ள பல்கலைக்கழகத்தின் விதிகளே. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மைப் படிப்பு இதிலிருந்து சற்று விலகியது. அது தொழிற்படிப்பாகக் கருதப்படுவதால் தனித் தரவரிசையும், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அங்கே உண்டு. சாதாரண பி.எஸ்சி. படிப்புகளுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போனால் காட்சி மாறுகிறது. 2022-இல் அறிமுகமான க்யூட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தெரிவிலிருந்து விலக்கிவிட்டு, அதைத் தகுதிக்கு மட்டும் நிறுத்திக்கொண்டது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவை இந்த வழியில்தான் மாணவர்களைச் சேர்க்கின்றன. மாற்றத்துக்குப் பின்னணி இருந்தது: தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகள் 2021-இல் சில படிப்புகளுக்கு 100 சதவீதத்தையே கட்-ஆஃபாக அறிவித்தன, வெவ்வேறு வாரியங்கள் வெவ்வேறு தாராளத்தோடு மதிப்பெண் வழங்கும் நாட்டில், மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவது அபத்தத்தின் எல்லையைத் தொட்டுவிட்டது. மறுபக்க நியாயமும் வலுவானதே. நுழைவுத் தேர்வு என்றாலே பயிற்சி மையம், பயிற்சி மையம் என்றாலே பணம் என்ற தொடர்ச்சியைச் சுட்டிக்காட்டி, தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரலில் க்யூட்டுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் கேள்விகள் பெரும்பாலும் தேசியப் பாடத்திட்டத்தை ஒட்டியவை.

க்யூட்டில் நம் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம் என்று தேர்வு விதி சொல்கிறது. ஆனால் எந்தப் படிப்புக்கு எந்தப் பாடங்களை எழுதியிருக்க வேண்டும், அவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பிலும் படித்திருக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தகவல் கையேட்டில் தனியே சொல்கிறது. தில்லியில் இயற்பியல் ஆனர்ஸ் படிக்க ஒரு மொழியோடு இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றையும் எழுதியிருக்க வேண்டும். வேதியியலை விட்டுவிட்டுப் பொது அறிவுத் தாளில் எத்தனை மதிப்பெண் வாங்கியும் பயனில்லை. ஆகவே க்யூட் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் படித்துவிட வேண்டும்.

அறிவியல் ஆராய்ச்சியையே நோக்கமாகக் கொண்ட நிறுவனங்களில் தகுதிக்கும் தெரிவுக்கும் உள்ள இடைவெளி இன்னும் அகலமானது. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகிய ஏழு இடங்களில் இயங்கும், ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் இருந்தால் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 55. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஆகிய நான்கில் மூன்றைப் படித்திருந்தாலும் போதும். அந்த ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். இவ்வளவுதான் தகுதி. கேட்கும்போது நம் ஊர்க் கல்லூரியைவிட எளிதாகத் தோன்றும். ஆனால் இடம் கிடைப்பது ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வினால் மட்டுமே: நான்கு பாடங்களிலிருந்தும் பதினைந்து பதினைந்தாக 60 வினாக்கள், மூன்று மணி நேரம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். கணிதம் படிக்காத பியூர் சயின்ஸ் மாணவருக்குத் தகுதி உண்டு, ஆனால் பதினைந்து வினாக்களை அவர் தொடாமலே வர வேண்டியிருக்கும். உயிரியல் படிக்காதவருக்கும் அதே நிலை. மூன்று பாடம் போதும் என்று விதி சொன்னாலும், வினாத்தாள் நான்கு பாடங்களையும் கேட்கிறது. இத்தேர்வைத் தமிழில் எழுதவும் முடியாது.

புவனேஸ்வரில் உள்ள தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான நைசரும் மும்பையில் உள்ள அணுசக்தித் துறை சார்ந்த அடிப்படை அறிவியல் மையமும் நெஸ்ட் என்ற தேர்வை நடத்துகின்றன. அங்கே நான்கு பகுதிகளில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்றை மட்டும் கணக்கில் கொள்வதால், ஒரு பாடத்தைப் படிக்காதவருக்கு நட்டம் இல்லை. ஐசர் முறையைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2011-இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். ஆகவே ஐசரில் விண்ணப்பிக்கக்கூடிய பியூர் சயின்ஸ் மாணவருக்கு இங்கே வாசல் இல்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம் தன் சொந்தத் தேர்வை நடத்துகிறது; விடையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, நிரூபணம் எழுத வேண்டும். நானூறுக்கு நானூறு வாங்கியவர்கள் அந்த வினாத்தாளின் முன் திகைத்து உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை, ஏனெனில் பிளஸ் டூ தேர்வு அவர்களிடம் அந்தத் திறனை ஒருபோதும் கேட்டதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் நேர்மாறான ஒரு முயற்சி நம் சென்னையிலேயே நடக்கிறது. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பில் சேர ஜே.இ.இ. வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருப்பதுமே அடிப்படை. நான்கு வாரம் பாடங்களைப் படித்து, வாரந்தோறும் பயிற்சிகளை முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் இடம் உறுதி. இடங்களுக்கு உச்சவரம்பு இல்லை. அதாவது தகுதி பெற்றவர் எல்லாரும் தெரிவு பெற்றவர். இந்தச் சமன்பாடு இந்தியாவில் அபூர்வம். ஜெர்மனியில் அதுதான் பொது விதி.

ஜெர்மனியை நம் பெற்றோர்கள் ‘கட்டணம் இல்லாத நாடு’ என்று மட்டும் அறிந்திருக்கிறார்கள். அங்கே பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல், கணிதம், வேதியியல் போன்ற படிப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. தகுதி உள்ளவர் பதிவு செய்துகொண்டால் அவர் மாணவர். போட்டி இல்லாததால் முழுப் பாரமும் தகுதியின் மீது விழுகிறது. ஜெர்மானியப் பிள்ளை பன்னிரண்டு அல்லது பதின்மூன்று ஆண்டு படித்து ‘அபிட்டூர்’ முடித்தால் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் உரிமை பெறுகிறது. இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை அந்த உரிமைக்கு முழுச் சமமாக அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே மூன்று வழிகள் உள்ளன. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்துவிட்டு, அதே துறையிலோ அதற்கு நெருங்கிய துறையிலோ அங்கே முதலிலிருந்து சேரலாம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியவர் தொழில்நுட்பம், இயற்கை அறிவியல் துறைகளில் நேரடியாகச் சேரலாம். இரண்டும் இல்லாதவர் ‘ஷ்டூடியன்கொலெக்’ எனப்படும் ஆயத்தக் கல்லூரியில் வழக்கமாக இரண்டு பருவங்கள் படித்து, இறுதித் தேர்வில் தேற வேண்டும்; கணிதம், இயற்பியல் நோக்கினால் ஒரு பிரிவு, உயிரியல், மருத்துவம் நோக்கினால் வேறொரு பிரிவு.

முதல் வழியை நம்மவர்கள் ‘ஓராண்டு வீண்’ என்று கருதுகிறார்கள். எனக்கு அது மூன்றில் மிகப் பாதுகாப்பானதாகத் தெரிகிறது: மாணவர் ஊரிலேயே இருந்துகொண்டு, அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் முதலாண்டு பி.எஸ்சி. படிக்கிறார், அதே ஆண்டில் ஜெர்மன் மொழியும் கற்கிறார், மனம் மாறினால் இரண்டாம் ஆண்டைத் தொடரலாம். மொழி என்பது இங்கே சிறு விஷயமல்ல. முதுநிலைப் படிப்புகள் பல ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதை வைத்து இளநிலையும் அப்படியே என்று எண்ணுபவர்கள் ஏமாறுகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை அறிவியல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடக்கிறது, அதற்கு ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் சி1 என்ற உயர்நிலைக்கு நெருங்கிய தேர்ச்சி வேண்டும்.

மதிப்பெண்ணை அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது சுவையானது. ஜெர்மனியில் 1 மிக உயர்ந்த தரம், 4 தேர்ச்சியின் கடைசிப் படி. நம் மதிப்பெண்ணை அந்த அளவுகோலுக்கு மாற்ற ‘திருத்தப்பட்ட பவேரிய வாய்பாடு’ பயன்படுகிறது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி வரம்புக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 80 சதவீதம் பெற்ற தமிழ்நாட்டு மாணவருக்கு, தேர்ச்சி வரம்பு 35 என்பதால், 20-ஐ 65-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏறத்தாழ 1.92 வரும். தேர்ச்சி வரம்பு 50 ஆக இருக்கும் நாட்டில் அதே 80 வாங்கியவருக்கு 2.2 வரும். எண்ணிக்கை வரம்புள்ள உயிரியல் போன்ற படிப்புகளில் இந்தத் தசமங்கள்தான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. இதற்கெல்லாம் முன்பாக, 2022 நவம்பர் முதல், இந்திய மாணவர்கள் விசாவுக்கு ஏ.பி.எஸ். என்ற ஆவணச் சரிபார்ப்புச் சான்று பெற்றாக வேண்டும். கட்டணமின்மைக்கும் விலக்குகள் வந்துவிட்டன: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் இளநிலைக்கு 2,000 அல்லது 3,000 யூரோ வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட தொகை.

பிரிட்டனில் கடிகாரம் தலைகீழாகச் சுற்றுகிறது. அங்கே யூகாஸ் என்ற மைய அமைப்பின் வழியே அதிகபட்சம் ஐந்து படிப்புகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே ஓராண்டில் விண்ணப்பிக்கலாம், அதற்குக் கடைசி நாள் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் 15. மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி. நம் பிளஸ் டூ முடிவோ மே மாதத்தில், 2025-இல் மே 8 அன்று வந்தது. எனவே தெரிவு முதலில் நடக்கிறது, தகுதி பின்னால் வருகிறது: வாங்கப்போகும் மதிப்பெண் என்று ஆசிரியர் கணித்துத் தரும் ‘முன்மதிப்பீட்டு மதிப்பெண்’ணை வைத்துப் பல்கலைக்கழகம் நிபந்தனையோடு இடம் தருகிறது, தேர்வு முடிவு அந்த நிபந்தனையை நிறைவேற்றினால் இடம் உறுதியாகிறது. அங்குள்ள மாணவர் பள்ளி இறுதியில் பெரும்பாலும் மூன்று ‘ஏ லெவல்’ பாடங்கள் மட்டும் படிக்கிறார்; கேம்பிரிட்ஜின் இயற்கை அறிவியல் படிப்புக்கு அவற்றில் இரண்டில் மிக உயர்ந்த தரமான ஏ ஸ்டாரும் ஒன்றில் அதற்கு அடுத்த ஏ-யும் வழக்கமான நிபந்தனை. மூன்றே பாடங்களில் ஆழம் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, ஆறு பாடங்களைப் பரவலாகப் படித்த நம் மாணவரை அளக்கும்போதும் பின்புலத்தில் இருக்கிறது.

நம் அரசுப் பள்ளி மாணவருக்கு இங்கே எழும் தடை அறிவு சார்ந்தது அல்ல, காகிதம் சார்ந்தது. முன்மதிப்பீடு தரும் வழக்கமே நம் பள்ளிகளில் இல்லை. தலைமையாசிரியரிடம் போய் ‘நான் வரும் மார்ச்சில் 95 வாங்குவேன் என்று எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால் அவர் எந்த விதியின்கீழ் எழுதுவார்? 2018-இல் முதன்முறையாக நடந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, அரசு முத்திரையோடு கூடிய ஓர் இடைக்கால மதிப்பெண் பட்டியலைத் தந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின் வழியே அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் கருதினால் அது நல்ல முடிவு. ஆனால் ஜனவரியில் விண்ணப்பிக்கும் மாணவர் கையில் இனிப் பொதுத்தேர்வுச் சான்றாகப் பத்தாம் வகுப்பு மட்டுமே இருக்கும். காத்திருந்து, பிளஸ் டூ முடித்த அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பது ஒரு வழி. பிரிட்டனில் அதை யாரும் குறையாகக் கருதுவதில்லை.

பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் மத்திய வாரியங்களுக்கு ஒரு சதவீதத்தையும் மாநில வாரியங்களுக்கு அதைவிட உயர்ந்த சதவீதத்தையும் கேட்கின்றன. சில, பிளஸ் டூவை நேரடியாக ஏற்காமல் ஓராண்டு அடிப்படைப் படிப்பு கேட்கின்றன. இங்கிலாந்தில் பி.எஸ்சி. மூன்றாண்டு, ஸ்காட்லாந்தில் நான்காண்டு. கேம்பிரிட்ஜும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் 2024 முதல் இசாட் என்ற கணினிவழித் தேர்வை வைத்திருக்கின்றன: கணிதம் ஒரு பகுதி கட்டாயம், உயிரியல், வேதியியல், இயற்பியல், உயர்கணிதம் ஆகியவற்றிலிருந்து படிப்புக்கேற்ப மேலும் இரண்டு, ஒவ்வொன்றும் 40 நிமிடம், 27 வினா. கட்டுரைப் பகுதியும் 2026 சேர்க்கையிலிருந்து மாறிவிட்டது; ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எந்தக் கேள்வியிலும் குடும்பப் பெருமைக்கோ சிறுவயதுக் கனவுக்கோ அதிக இடமில்லை. இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், பள்ளிப் படிப்பு உன்னை எப்படி ஆயத்தப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்பவையே அவற்றின் சாரம்.

அமெரிக்காவில் முறையான தகுதி என்று சுட்டிக்காட்ட அநேகமாக எதுவும் இல்லை, எல்லாமே தெரிவுதான். பள்ளிப்படிப்பு முடித்த எவரும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்காண்டு மதிப்பெண்கள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, பள்ளிக்கு வெளியிலான ஈடுபாடுகள் என அனைத்தையும் சேர்த்துப் படித்து முடிவெடுக்கிறார்கள். 1600 மதிப்பெண்ணுக்கான எஸ்.ஏ.டி. பொதுத் தேர்வைப் பெருந்தொற்றுக் காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் விருப்பத்துக்கு விட்டன, எம்.ஐ.டி. 2022-இலும், ஹார்வர்டும் கால்டெக்கும் 2024-இலும் அதை மீண்டும் கட்டாயமாக்கின. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத் தொகுப்போ அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான இடங்களில் மாணவர் பல்கலைக்கழகத்தில்தான் சேர்கிறார், துறையில் அல்ல. இயற்பியலா உயிரியலா என்பதை இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் முடிவு செய்தால் போதும். பதினைந்து வயதில் குரூப் எடுத்துக் கதவுகளை மூடிக்கொண்ட நம் மாணவருக்கு இந்த ஏற்பாடு கொடை போன்றது. ஆனால் செலவு? பன்னாட்டு மாணவரின் பொருளாதார நிலையைப் பார்க்காமல் சேர்த்து, தேவையான உதவியை முழுமையாக வழங்கும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: எம்.ஐ.டி., ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல், ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத் போன்றவை. மற்ற பல கல்லூரிகளில் உதவி கேட்பதே தெரிவைப் பாதிக்கும். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் ஏட்டைப் பள்ளியில் தேடி எடுக்க வேண்டியிருப்பது இன்னொரு தொல்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த நான்கு பாடங்களைக் கணக்கில் கொள்கின்றன. அங்கே ‘கட்டாயப் பாடம்’ என்பதும் ‘தெரிந்திருப்பதாகக் கருதப்படும் பாடம்’ என்பதும் வேறு வேறு. பின்னது சேர்க்கையைத் தடுக்காது, முதல் பருவத்தில் தத்தளிக்க வைக்கும். கனடாவில் கால்குலஸ் எனப்படும் நுண்கணிதம் படித்திருப்பது பல அறிவியல் படிப்புகளுக்கு நிபந்தனை. அத்துடன் 2024 ஜனவரி முதல், படிப்பு அனுமதிக்கு மாகாணத்தின் சான்றுக் கடிதமும் வேண்டும். சிங்கப்பூரில் அரசின் கல்விக் கட்டண மானியத்தைப் பெறும் பன்னாட்டு மாணவர், படிப்பு முடிந்ததும் மூன்றாண்டு அங்கே வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும்.

தகுதியையும் தெரிவையும் தெளிவாகப் பிரித்துவைத்த நாடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில், நம் பிளஸ் டூவுக்கு நிகரான உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் ‘சாதாரணச் சித்தி’ எனப்படும் குறைந்தபட்சத் தேர்ச்சியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 மதிப்பெண்ணும் பெற்றால் பல்கலைக்கழகத் தகுதி வந்துவிடுகிறது. ஆனால் இடம் இசட் புள்ளியால் தீர்மானமாகிறது: கடினமான பாடத்தை எடுத்தவரும் எளிதான பாடத்தை எடுத்தவரும் தத்தம் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதை வைத்து ஒப்பிடும் புள்ளியியல் முறை அது, 2001-இலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன்பின் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா உள்ளிட்ட பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நாம் சாதி அடிப்படையில் செய்யும் சமன்பாட்டை அவர்கள் நிலப்பரப்பின் அடிப்படையில் செய்கிறார்கள். தகுதி பெற்றும் இடம் கிடைக்காதவர்கள் அங்கே ஆண்டுதோறும் பெருந்தொகையாக நிற்கிறார்கள் என்பது இந்த முறையின் மறுபக்கம்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் தமிழ் மாணவருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு: பெயர். நம் மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தோடு பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் அந்த எழுத்து தந்தை பெயராக விரிந்திருக்கும், சில வேளை அதுவே குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஏறியிருக்கும். எஸ்.ஏ.டி. பதிவு, மொழித்தேர்வுப் பதிவு, விண்ணப்பம், விசா ஆகிய நான்கிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி ஒன்றாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போதே இதைச் சரிசெய்துகொள்வது எளிது. பின்னால் சரிசெய்வது மாதக்கணக்கில் இழுக்கும். ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற மொழித்தேர்வு முடிவுகள் இரண்டாண்டு மட்டுமே செல்லும் என்பதால், அவசரப்பட்டுப் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் எழுதிவிடுவதும் நட்டமே.

வெளிநாட்டில் பெற்ற பட்டத்தோடு திரும்பி இங்கே முதுநிலைப் படிப்போ அரசுப் பணியோ தேடும்போது சேர்க்கை விதி இன்னொரு முறை குறுக்கிடுகிறது. அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று சான்று பெற வேண்டும். நெடுங்காலம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் செய்துவந்த இந்தப் பணிக்கு, பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் தனி விதிமுறைகளை அறிவித்தது. பட்டம் வழங்கிய நிறுவனம் அதன் நாட்டில் அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்பதோடு, அந்தப் படிப்பில் சேர்வதற்கான நுழைவுத் தகுதி இந்தியாவில் அதேபோன்ற படிப்புக்குரிய தகுதியை ஒத்திருக்கிறதா என்பதும் அங்கே பார்க்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமலே சேரலாம் என்று விளம்பரப்படுத்தும் முகவர்களை நம்பிப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சேரும்போது யாரும் கேட்காத தகுதியை, மூன்றோ நான்கோ ஆண்டு கழித்து, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நாளில் கேட்கிறார்கள்.